விட்டதைப் பிடிக்கும் கணக்கு

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைச் சொன்னதும் ஏற்பாட்டாளருக்குச் சற்றே தயக்கம். "நூலகத்தில் சூதாட்டம் பற்றியா சார்?" என்றார். சூதாட்டம் பற்றி அல்ல, சூதாட்டத்தில் தோற்கவே முடியாது என்று நிரூபிக்கும் ஒரு கணக்கைப் பற்றி என்றேன். அது அவருக்கு இன்னும் மோசமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் ஒலிபெருக்கியைக் கொடுத்துவிட்டார்.

ரூலெட் சக்கரத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பிய வகைச் சக்கரத்தில் 37 குழிகள். 1 முதல் 36 வரையான எண்களில் பாதி சிவப்பு, பாதி கறுப்பு. மிச்சமிருக்கும் ஒரு குழி பச்சை, அதுதான் பூஜ்ஜியம். சிவப்பில் 100 ரூபாய் வைத்துச் சிவப்பு வந்தால், வைத்த 100 திரும்ப வரும். மேலும் ஒரு 100 கிடைக்கும். பந்து பூஜ்ஜியத்தில் விழுந்தால் சிவப்பில் வைத்தவருக்கும் போச்சு, கறுப்பில் வைத்தவருக்கும் போச்சு. ஆக, சிவப்பிலேயே வைத்துக்கொண்டிருப்பவருக்கு 37-க்கு 18 வெற்றி, 19 தோல்வி. இந்த ஒரு குழி வித்தியாசத்தில்தான் கேசினோவின் வருமானம் உட்கார்ந்திருக்கிறது. மேசைக்கு வரும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 2 ரூபாய் 70 காசு அவர்களுக்கு. அமெரிக்கச் சக்கரத்தில் இன்னொரு பச்சைக் குழி உண்டு. அங்கே 5 ரூபாய் 26 காசு. சில பிரெஞ்சு மேசைகளில் பூஜ்ஜியம் வந்தால் சிவப்பு, கறுப்புக்காரர்களுக்குப் பாதிப் பணத்தைத் திருப்பித் தருவார்கள். அங்கே 1 ரூபாய் 35 காசு.

பிரான்சுவா பிளாங்க் என்ற பிரெஞ்சுக்காரர் 1840-களில் ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் கேசினோ நடத்தியபோது இரண்டு பூஜ்ஜியங்களில் ஒன்றை எடுத்துவிட்டார். லாபம் பாதியாகும், ஆனால் மற்ற ஊர்களின் கூட்டமெல்லாம் தன் மேசைக்கு வரும் என்று கணக்குப் போட்டார். வந்தது. 1863-இல் மொனாக்கோவின் உரிமத்தை வாங்கி, இன்று நாம் மான்டி கார்லோ என்று அறிந்திருக்கும் இடத்தை உருவாக்கியவரும் அவரே. நூற்றுக்கு 2.70 தாராளமாகப் போதும் என்று அந்த வியாபாரிக்குத் தெரிந்திருந்தது.

இனி, தோற்கவே முடியாத கணக்கு. இதற்கு மார்டிங்கேல் என்று பெயர். சிவப்பில் 100 வையுங்கள். போனால் அடுத்து 200. அதுவும் போனால் 400. பிறகு 800. எப்போது சிவப்பு வந்தாலும், அதுவரை விட்டது முழுவதும் திரும்ப வந்து மேலே 100 ரூபாய் கையில் நிற்கும். சிவப்பு வராமலே போய்விடுமா என்ன? எந்தச் சக்கரத்திலும் எப்போதாவது சிவப்பு வந்தே தீரும். ஆகவே வெற்றி நிச்சயம். 'விட்ட இடத்தில்தான் பிடிக்கணும்' என்று நம் ஊர்ச் சீட்டாட்டக்காரர்கள் சொல்வதை ஒழுங்கான அட்டவணையாகப் போட்டால் இதுதான் வரும்.

இது பழைய சரக்கு. 1754-இல் வெனிஸ் நகரின் ரிடோட்டோ சூதாட்ட மாளிகையில், காதல் லீலைகளுக்குப் பேர்போன காசனோவா இதைத்தான் ஆடினார். ஆட்டம் ரூலெட் அல்ல, ஃபாரோ என்ற சீட்டாட்டம். பணமும் அவருடையது அல்ல, காதலியுடையது. தங்க நாணயங்கள் தீரும்வரை இரட்டித்துக்கொண்டே போனதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். காதல் விவகாரங்களில் அவர் எழுதியதை எவ்வளவு நம்புவது என்று தெரியாது. இந்தத் தோல்வியைத் தாராளமாக நம்பலாம்.

ஓட்டை எங்கே என்று பார்ப்போம். ஒரு மேசையில் குறைந்தபட்சப் பந்தயம் 100, அதிகபட்சம் 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100, 200, 400, 800, 1,600, 3,200, 6,400. ஏழு முறை வைக்கலாம். எட்டாவது முறைக்கு 12,800 வேண்டும், மேசை அனுமதிக்காது. ஏழும் தோற்றால் போன பணம் மொத்தம் 12,700. இப்படி 100-இல் தொடங்கி ஒரு வெற்றியிலோ ஏழு தோல்வியிலோ முடிவதை ஒரு சுற்று என்போம்.

முதலில் பூஜ்ஜியமே இல்லாத நேர்மையான சக்கரத்தில் ஆடிப் பார்ப்போம். ஏழு முறை தொடர்ந்து தோற்பது 128 சுற்றுக்கு ஒரு தடவை நடக்கும். மீதி 127 சுற்றில் தலா 100 ரூபாய், ஆக 12,700 வரவு. அந்த ஒரு சுற்றில் 12,700 செலவு. வரவும் செலவும் காசு பிசகாமல் நேர். அவ்வளவு மெனக்கெட்டு இரட்டித்ததற்குப் பலன் சுழி. கரும்பலகையில் இதைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் கடைசி வரியில் வகுப்பு ஒரு நொடி அமைதியாகிவிடும். கணிதம் கற்பிப்பவனுக்கு அதைவிட வேறு சம்பளம் தேவையில்லை.

இப்போது பச்சைக் குழியைத் திரும்ப வையுங்கள். ஏழு தொடர் தோல்வி இனி 128-க்கு ஒன்று அல்ல, சுமார் 106-க்கு ஒன்று. 105 சுற்றில் வரவு 10,500. ஒரு சுற்றில் செலவு 12,700. துண்டு விழுவது 2,200. மார்டிங்கேல் ஆடுபவர் தான் அறியாமலே ஒரு காப்பீட்டுக் கம்பெனி நடத்துகிறார். சுற்றுக்கு 100 ரூபாய் பிரீமியம் வாங்கிக்கொண்டு, 12,700 ரூபாய் இழப்பீட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறார். கட்டுப்படியாக வேண்டுமானால் அவர் வாங்க வேண்டிய பிரீமியம் 121 ரூபாய்.

இன்னொரு எண்ணையும் கவனியுங்கள். "நான் 100 ரூபாய் ஆட்டம்தான் ஆடுகிறேன்" என்பார். ஆனால் ஒரு சுற்றில் அவர் மேசைமேல் வைக்கும் தொகை சராசரியாக 759 ரூபாய். கேசினோவுக்கு எந்த வரிசையில் வைக்கிறார், எப்போது இரட்டிக்கிறார் என்பதெல்லாம் பொருட்டே அல்ல. மொத்தம் எவ்வளவு வைத்தார் என்று பார்த்து அதில் 37-இல் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. 759-இல் 37-இல் ஒரு பங்கு 20 ரூபாய் 50 காசு. தொகையை மாற்றாமல் 100 ரூபாயே வைத்து 100 முறை ஆடுபவர், சராசரியாக 270 ரூபாய் விட்டுவிட்டு வருவார். அதே 100 முறையில் மார்டிங்கேல் ஆடுபவர் சுமார் 50 சுற்று முடித்திருப்பார். அவர் சராசரியாக விடுவது 1,000 ரூபாய்க்கு மேல். இப்படி ஒரு முறை வைத்துக்கொண்டு ஆடும் முறைகாரர்களைக் கண்டு கேசினோக்காரர்கள் நடுங்குகிறார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. நான் முதலாளியாக இருந்தால் அவர்களுக்குத் தாளும் பென்சிலும் இலவசமாகக் கொடுப்பேன்.

அப்படியானால் இவ்வளவு பேர் ஏன் நம்புகிறார்கள்? முட்டாள்களா? இல்லை. அவர்கள் கண்ணால் கண்டதை நம்புகிறார்கள். ஒரு மாலையில் 50 சுற்று ஆடினால், ஏழு தொடர் தோல்வி ஒருமுறைகூட வராமல் தப்பிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 62. அதாவது, இந்தக் கணக்கோடு 100 பேர் உள்ளே போனால் 62 பேர் 5,000 ரூபாய் லாபத்தோடு வெளியே வருவார்கள். தன் கையால் எண்ணிய பணம். எந்தக் கணித ஆசிரியர் சொன்னாலும் காதில் ஏறாது. மறுநாளும் போவார்கள். மூன்று மாலை தொடர்ந்து தப்பிப்பவர்கள் நாலில் ஒருவருக்கும் குறைவு. பத்து மாலை தப்பிப்பவர் நூற்றில் ஒருவர்கூட இல்லை. ஆனால் ஊரில் பேசுவது யார்? முதல் நாள் ஜெயித்த 62 பேர். தோற்ற 38 பேர் வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்கள்.

தமிழ் மேடையில் நின்றுகொண்டு வள்ளுவரைத் தொடாமல் போனால் நன்றாயிராது. சூது அதிகாரத்தில் ஒன்றைப் பெற்று நூறை இழப்பவர்களைப் பற்றி அவர் சொல்வது உங்களுக்குத் தெரியும். மார்டிங்கேலில் ஆறாவது படியில் தோற்றால் ஒன்றுக்கு 63 இழப்பு, ஏழாவது படியில் ஒன்றுக்கு 127. வள்ளுவரின் நூறு இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஏழு தோல்வி அடிக்கடி வராது, சரி. வந்தால் எவ்வளவு தூரம் போகும்? 1913 ஆகஸ்ட் 18, மான்டி கார்லோ. ஒரு மேசையில் கறுப்பு வரத் தொடங்கியது. தொடர்ந்து கறுப்பாகவே வந்ததும் செய்தி பரவி ஆட்கள் குவிந்தார்கள். எல்லோரும் சிவப்பில். இவ்வளவு கறுப்பு வந்தாயிற்று, இனி சிவப்புதானே வர வேண்டும்! கறுப்பு 26 முறை தொடர்ந்து வந்து நின்றது. அதற்குள் லட்சக்கணக்கான பிராங்குகள் கைமாறிவிட்டன. முதல் கறுப்புக்கு 100 ரூபாயில் தொடங்கி இரட்டித்துக்கொண்டே வந்த ஒருவர், 26-ஆவது முறை வைத்திருக்க வேண்டிய தொகை 335 கோடி ரூபாய். 27-ஆவது முறை 671 கோடி. அந்த முறை சிவப்பு வந்தால் அவருக்கு நிகர லாபம் எவ்வளவு? 100 ரூபாய்.

ஒரே நிறம் 26 முறை தொடர்ந்து வருவது சுமார் 6 கோடியே 84 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. அது ஆட்டம் தொடங்குமுன் சொல்ல வேண்டிய எண். 25 முறை வந்து முடிந்தபின் அடுத்ததும் கறுப்பாக இருக்கும் வாய்ப்பு எப்போதும்போல 37-க்கு 18. பந்துக்கு நினைவாற்றல் கிடையாது. நமக்குத்தான் உண்டு, அதுதான் தொல்லை.

இதை அழகாகக் காட்டும் ஒரு சம்பவம் உண்டு. புள்ளியியலின் தந்தைகளில் ஒருவரான கார்ல் பியர்சன், 1890-களில் மான்டி கார்லோ ரூலெட் முடிவுகளை ஆராய்ந்தார். அந்த முடிவுகளை 'லெ மொனாகோ' என்ற இதழ் வாராவாரம் அச்சிட்டது. இலவசமாகக் கிடைக்கும் ஆயிரக்கணக்கான தற்செயல் எண்கள், புள்ளியியலாளருக்குத் தீபாவளி. ஆனால் கணக்கு ஒத்துப்போகவில்லை. ஒரு நிறம் ஒரே முறை வந்து உடனே மாறிவிடுவது எதிர்பார்ப்பைவிட மிக அதிகமாக இருந்தது. இந்தச் சக்கரங்கள் தற்செயலாகச் சுழலவில்லை, கேசினோவை மூடிவிட்டுப் பணத்தை அறிவியலுக்குக் கொடுங்கள் என்ற ரீதியில் 1894-இல் எழுதினார். பிற்பாடு சொல்லப்பட்ட விளக்கம் வேறு: செய்தியாளர்கள் மேசையருகே மணிக்கணக்கில் நிற்கச் சோம்பல்பட்டு, மதுக்கூடத்தில் உட்கார்ந்து எண்களைத் தாங்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள். மனிதன் தன் மண்டையிலிருந்து தற்செயலை எழுதினால் சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று அவசர அவசரமாக மாற்றிவிடுவான். அந்த அவசரம்தான் 1913-இல் எல்லோரையும் சிவப்பில் வைக்கச் செய்ததும்.

மார்டிங்கேலின் தம்பிகள் பலர். லபூஷேர் முறை அவர்களில் கெட்டிக்காரன். ஹென்றி லபூஷேர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர், பத்திரிகையாளர். ஒரு தாளில் 1, 2, 3, 4 என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டி வையுங்கள்: 5. ஜெயித்தால் அந்த இரண்டையும் அடித்துவிடுங்கள். தோற்றால் 5-ஐக் கடைசியில் எழுதுங்கள். அடுத்த பந்தயம் 1-உம் 5-உம் சேர்ந்து 6. எண்கள் எல்லாம் அடிபட்டால் 10 லாபம். இதன் கவர்ச்சி எங்கே தெரியுமா? ஒரு வெற்றி இரண்டு எண்ணை அழிக்கிறது, ஒரு தோல்வி ஓர் எண்ணைத்தான் சேர்க்கிறது. மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே வரிசை முடிந்துவிடும் போலிருக்கிறது. நாமோ கிட்டத்தட்டப் பாதி முறை ஜெயிக்கிறோம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லாமல் விட்டது, நடுவில் பந்தயம் எவ்வளவு உயரும் என்பது. முதல் நான்கும் தோற்றால் 26 போயிருக்கும், வரிசை 1 முதல் 8 வரை நீண்டிருக்கும், அடுத்து 9 வைக்க வேண்டும். ஒன்று ஜெயித்து, மூன்று தோற்று, மறுபடி ஒன்று ஜெயித்து, மூன்று தோற்று என்று இழுபட்டுக்கொண்டே போனால், தாளின் கடைசியில் 40, 60 என்று எண்கள் நிற்கும். ஆடுபவரோ அடித்த எண்களைப் பார்த்து, 'முடியப் போகிறது' என்று நினைத்துக்கொண்டிருப்பார். பென்சில் வேலை இருப்பதாலேயே இது உழைப்பு போலத் தோன்றும்.

ஃபிபனாச்சி முறையில் 1, 1, 2, 3, 5, 8 என்று ஏற்றுவார்கள். ஃபிபனாச்சிக்கு முன்பே நம் நாட்டு அறிஞர் ஹேமச்சந்திரர் செய்யுளின் மாத்திரைக் கணக்கில் கண்ட வரிசை. இப்படிப் பயன்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். டாலம்பேர் முறையில் தோற்றால் ஒன்று கூட்டி, ஜெயித்தால் ஒன்று குறைக்க வேண்டும். பெயருக்குரிய டாலம்பேர் 18-ஆம் நூற்றாண்டின் பெரும் கணிதர். நாணயத்தை இரண்டு முறை சுண்டினால் ஒரு முறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று 1754-இல் கலைக்களஞ்சியத்தில் எழுதினார். நாலில் மூன்று என்பதே சரி. அவ்வளவு பெரிய மூளையும் இந்த இடத்தில் வழுக்கியிருக்கிறது. பரோலி என்பது தலைகீழ்: தோற்றால் அல்ல, ஜெயித்தால் இரட்டிப்பது. சேதம் குறைவு, லாபமும் இல்லை.

இவை எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை. மார்டிங்கேல் என்ற பெயரை 1939-இல் ழான் வீல் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் கொண்டுவந்தார். அமெரிக்கரான ஜோசப் டூப் அதைப் பெரிய கோட்பாடாக வளர்த்தார். அதன் சாரம் இது: கையிருப்பும் நேரமும் எல்லைக்கு உட்பட்டவை என்றால், பந்தயத் தொகையை எப்படி ஏற்றி இறக்கினாலும், எந்த நேரத்தில் எழுந்து வந்தாலும், சமமான ஆட்டத்தை லாபமான ஆட்டமாக மாற்ற முடியாது. பாதகமான ஆட்டம் பாதகமாகவே இருக்கும். முறை மாற்றுவது, வைத்த பணத்தில் இழப்பின் விகிதத்தை அல்ல, அதன் உருவத்தை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டியது, பல நாள் சிறு லாபமாகவும் ஒருநாள் பேரிடியாகவும் வரும்.

"அப்படியானால் ரூலெட்டில் ஜெயித்தவர்களே இல்லையா?" இருக்கிறார்கள். ஜோசப் ஜாகர் என்ற யார்க்‌ஷயர்க்காரர், ஆலைத் தொழில் தெரிந்தவர், மான்டி கார்லோவில் ஆள் வைத்து எண்களைக் குறித்தெடுத்து, ஒரு சக்கரம் கோணலாக இருப்பதைக் கண்டுபிடித்துப் பெரும் பணம் பார்த்தார். 1961-இல் கணிதர்களான எட்வர்ட் தோர்ப்பும் கிளாட் ஷானனும் உடலில் மறைத்து அணியும் சிறு கணினியால் பந்து விழும் இடத்தைக் கணிக்க லாஸ் வேகாஸ் போனார்கள். இவர்கள் கைவைத்தது சக்கரத்தின் மீது. முறைகாரர் கைவைப்பது தன் பணப்பையின் மீது மட்டும்.

சார்லஸ் வெல்ஸ் கதை வேறு ரகம். 1891-இல் மான்டி கார்லோவில் பலமுறை 'வங்கியை உடைத்தார்'. வங்கி உடைவது என்றால் கேசினோ திவாலாவது அல்ல. அந்த ஒரு மேசையின் கையிருப்பு தீர்ந்து, கறுப்புத் துணி போர்த்தி, பெட்டகத்திலிருந்து பணம் வரும்வரை காத்திருப்பது. நல்ல நாடகம், அதைவிட நல்ல விளம்பரம். தன்னிடம் தவறாத முறை ஒன்று இருப்பதாக வெல்ஸ் சொன்னார். அவரைப் பற்றிய பாட்டு லண்டன் மேடைகளில் ஓடியது. அவர் வைத்து ஆடியதோ, இல்லாத கண்டுபிடிப்புகளுக்கு முதலீடு என்று சொல்லி மற்றவர்களிடம் கறந்த பணம். 1893-இல் மோசடிக்காக எட்டாண்டுச் சிறை. பின்னாளில் பாரிசில் நாளுக்கு 1 சதவீத வட்டி என்று சொல்லிப் பணம் திரட்டினார். நம் ஊரில் நிதி நிறுவன வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இன்று இந்த முறைகள் கைபேசிக்கு வந்துவிட்டன. கோவாவின் மாண்டவி ஆற்றுக் கப்பல்களில் கேசினோ சட்டப்படி நடக்கிறது. தமிழ்நாடு 2022-இல் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது; பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025-இல் மத்தியச் சட்டமும் தடை செய்தது. ஆனாலும் 'தோற்காத ரூலெட் முறை' என்று இலவசமாகச் சொல்லிக்கொடுக்கும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. என் பழைய மாணவர் ஒருவர் அப்படியொன்றைக் காட்டி, "சார், இவருக்கு இதில் என்ன லாபம்? சும்மாதானே சொல்லித் தருகிறார்" என்று கேட்டார். கீழே ஓர் இணைப்பு இருக்கும், அதன் வழியாகச் சேரச் சொல்வார்கள். பல தளங்களில் அப்படிச் சேர்த்துவிட்டவருக்குக் கமிஷன், சேர்ந்தவர் தோற்கும் தொகையில் ஒரு பங்கு. மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பந்தயத்தை மளமளவென்று பெருக்கும் முறையைவிட அந்த ஆசிரியருக்கு உகந்த பாடம் வேறு இல்லை.

கடைசியாக உச்சவரம்பு. "அந்த மேல்வரம்பு மட்டும் இல்லாவிட்டால் மார்டிங்கேல் ஜெயிக்கும்" என்று முறைகாரர்கள் எல்லோரும் சொல்வார்கள். வரம்பில்லாத மேசை ஒன்று இருந்தது. மான்டி கார்லோவில் அல்ல, சிங்கப்பூரில். பேரிங்ஸ் என்ற பிரிட்டிஷ் வங்கியின் இளம் வர்த்தகர் நிக் லீசன், ஜப்பானியப் பங்குச் சந்தைக் குறியீட்டில் விட்டதைப் பிடிக்க ஒப்பந்தங்களைப் பெருக்கிக்கொண்டே போனார். இழப்புகளை 88888 என்ற கணக்கில் ஒளித்து வைத்தார். சந்தையில் இழப்புக்கு ஈடாக வைப்புத்தொகை கட்ட வேண்டும். கேட்கக் கேட்க லண்டன் தலைமையகம் அனுப்பிக்கொண்டே இருந்தது. இடையில் ஒருமுறை அவர் உண்மையிலேயே முழுதும் மீட்டதுண்டு. மேலே சொன்ன 62 பேரைப் போல அதுவே அவரை மீண்டும் உட்கார வைத்தது. 1994 முடிவில் மறைத்த இழப்பு 20 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. 1995 ஜனவரி 17-இல் கோபே நிலநடுக்கம். சந்தை சரியச் சரிய அவர் மேலும் வாங்கினார். பிப்ரவரி முடிவதற்குள் இழப்பு 82 கோடியே 70 லட்சம் பவுண்டு.

கேசினோ மேசையில் என் உதாரண ஆட்டக்காரரை 12,700 ரூபாய் இழப்போடு எழுந்து போகச் செய்தது அவர் திட்டிக்கொண்டிருந்த அதே உச்சவரம்புதான். லீசனை எழுந்து போகச் சொல்ல யாரும் இல்லை. 1762-இல் தொடங்கிய அந்த வங்கியை நெதர்லாந்தின் ஐ.என்.ஜி. நிறுவனம் அதன் கடன்களோடு சேர்த்து 1 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது.

நேரம் ஆகிவிட்டது. ரூலெட் ஆடிய ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயெவ்ஸ்கியைப் பற்றி ஏன் பேசவில்லை என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. தஸ்தயெவ்ஸ்கி அட்டவணை போட்டு ஆடியவர் அல்ல. நிதானம் தவறாமல் இருந்தால் போதும் என்று நம்பியவர். அது தனிக் கூட்டத்துக்கான விஷயம். கேள்விகளைக் கேளுங்கள்.